பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம்

வீட்டில் ஒரு பிள்ளைக்கு உணவு ஒவ்வாமை இருந்தால், யாருடைய சாப்பாடு மாற வேண்டும்? பல வீடுகளில் அந்தப் பிள்ளையின் சாப்பாடு மட்டும்தான் மாறுகிறது. மற்றவர்களுக்குக் குருமாவும் பாயசமும். பிள்ளைக்கு ஓரமாக ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு. என்னைக் கேட்டால், முடிந்தவரை குடும்பத்தின் சமையலே மாற வேண்டும்.

என் அக்கா மகனுக்கு மூன்று வயது. வேர்க்கடலையும் முந்திரியும் அவனுக்கு ஆகாது என்று பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லிவிட்டார். நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘உன் தட்டு, என் தட்டு’ என்ற கணக்கெல்லாம் புரியாது. தாத்தா எதைச் சாப்பிடுகிறாரோ அதுதான் அவனுக்கும் வேண்டும்.

தனியாகச் சமைத்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. முந்திரி அரைத்த மிக்சியைச் சரியாகக் கழுவாமல் சட்னி அரைத்தாலோ, குருமாவில் கிடந்த கரண்டியைச் சாம்பாரில் விட்டாலோ போதும். சிலருக்கு மிகச் சிறிய அளவுகூட ஒத்துக்கொள்ளாது. “நன்றாக வறுத்துவிட்டால் ஒன்றும் செய்யாது” என்பதும் தவறு. ஒவ்வாமையைத் தூண்டும் வேர்க்கடலைப் புரதங்கள் வறுத்தாலும் அழிவதில்லை.

அதனால் எங்கள் வீட்டுச் சமையலையே மாற்றினோம். குருமாவுக்கு இப்போது தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைக்கிறோம். புளிசாதத்தில் வேர்க்கடலை இருந்த இடத்தில் கடலைப்பருப்பு. கேசரிக்கு உலர்திராட்சை மட்டும். இந்தப் பருப்புகள் அவனுக்கு ஆகுமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே இதைச் செய்தோம். ஒரு பிள்ளைக்கு ஆவது இன்னொரு பிள்ளைக்கு ஆகாமல் போகலாம். பயத்தில் தேவையில்லாமல் பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினால், வளரும் பிள்ளைக்குத்தான் சத்துக் குறையும்.

“ஒரு பிள்ளைக்காக எல்லாரும் வாயைக் கட்ட வேண்டுமா?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், நாங்கள் விட்டது இரண்டே பொருள்கள், அதுவும் வீட்டில் மட்டும். அப்பா இன்னமும் உணவங்காடியில் வேர்க்கடலைக் குழம்போடு சாத்தே சாப்பிடுகிறார். கையையும் வாயையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் பேரனைத் தூக்குகிறார்.

பாலோ கோதுமையோ ஆகாத பிள்ளை இருக்கும் வீட்டில் இது இவ்வளவு எளிதன்று. கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில்கூடக் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. அத்தகைய வீடுகளிலும், நாளுக்கு ஒரு வேளையாவது எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட முடியும். பிள்ளையும் ‘நான் வேறு’ என்ற எண்ணம் இல்லாமல் வளரும்.

இதில் மாணவர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிங்கப்பூரில் விற்கப்படும் பொட்டல உணவில் வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, பால், முட்டை, மீன், இறால், நண்டு, கோதுமை போன்றவை சேர்க்கப்பட்டிருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். ஆனால், அது ஆங்கிலத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் சமைப்பவரோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டி. அதனால், பேரங்காடியிலிருந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் நான் படித்து, ‘தம்பிக்கு ஆகும்’, ‘ஆகாது’ என்று தமிழில் எழுதி ஒட்டுகிறேன். இரண்டு மொழி படித்ததன் பயனை நான் அதிகம் உணர்ந்தது எங்கள் அடுப்படியில்தான்.

அக்கம்பக்கத்தார் தட்டில் வைத்துத் தரும் தீபாவளிப் பலகாரத்தில் எந்தக் குறிப்பும் இருக்காது. அங்கே வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். “கொஞ்சம் கொடுத்தால் என்ன?” என்று அன்போடு ஊட்ட வரும் பெரியவர்களிடம், அது பிள்ளையின் அடம் இல்லை, உடல்நிலை என்று பணிவாக எடுத்துச் சொல்லலாம். உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால் மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசியைப் போட்டு, உடனே 995ஐ அழைக்க வேண்டும். அந்த ஊசி வீட்டில் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் போடுவது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அண்ணன், அக்கா, சித்தப்பா என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.