சஸ்பெண்டை ஆஃப் பண்றதா தீர்வு?

"சஸ்பெண்டை ஆஃப் பண்ணிடு மச்சி, பிரச்சினை முடிஞ்சது." லேப்டாப்பை மூடித் திறந்ததும் லினக்ஸ் கறுப்புத் திரையோட உறைஞ்சு நின்னா, ஹாஸ்டல்ல கிடைக்கிற முதல் அறிவுரை இதுதான். எனக்கு இதுல உடன்பாடே இல்லை. எந்த லேபும் சொல்லித்தராத ஒரு பாடம் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னாடி இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. நமக்குத் தெரிஞ்ச டிபக்கிங் எல்லாம் பிரின்ட்எஃப்தான். கெர்னல் தூக்கத்திலிருந்து எழும்போது திரை இன்னும் எந்திரிக்கல, டிஸ்க்கும் எந்திரிக்கல. எங்கே பிரின்ட் பண்ணுவீங்க? ரேம்ல எழுதி வெச்சாலும், உறைஞ்ச மெஷினுக்கு பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறதுதான் ஒரே வழி. அதோட ரேமும் காலி.

2006ல லினஸ் டோர்வால்ட்ஸ் இதுக்கு ஒரு குறுக்குவழி பிடிச்சார். மதர்போர்டுல தனி பேட்டரியில ஓடுற கடிகாரம் ஒண்ணு இருக்கே, அது ரீபூட்டுக்கும் அசையாது. ரெஸ்யூம் ஆகும்போது கெர்னல் எந்த டிவைஸை எழுப்பப் போகுதோ, அதோட பெயருக்கான ஹாஷை வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷமா மாத்தி அந்தக் கடிகாரத்துலயே எழுதிடும். இதுக்குப் பேர் பிஎம் டிரேஸ். மெஷின் உறைஞ்சதும் ரீபூட் பண்ணி கெர்னல் லாகைப் பார்த்தா, ஹாஷ் ஒத்துப்போற டிவைஸ் பெயர் இருக்கும். தேதி கன்னாபின்னான்னு மாறியிருக்கும், பயப்படாதீங்க. ஆனா சுமார் 3 நிமிஷத்துக்குள்ள ரீபூட் பண்ணிடணும். கடிகாரம் ஓடிக்கிட்டேதானே இருக்கு, தடயத்தை அதுவே அழிச்சிடும்! இன்னொண்ணு, ரெண்டு டிவைஸுக்கு ஒரே ஹாஷ் வரவும் வாய்ப்பு உண்டு. அதனால லாக்ல வர்ற பெயர் சந்தேக நபர் மட்டும்தான், குற்றவாளின்னு முடிவு கட்டிடாதீங்க.

அதுக்கும் முன்னாடி பிஎம் டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கிறது நல்லது. ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர்னு 5 படி. எந்தப் படியைச் சொல்றீங்களோ அதுவரைக்கும் போய், 5 செகண்ட் நின்னு, திரும்பி வரும். ஃப்ரீசர் பாஸாகி டிவைசஸ்ல உறைஞ்சா, பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் வேலை. பாதி டிரைவர் மாட்யூல்களைக் கழட்டிட்டு மறுபடி ஓட்டுங்க, அப்புறம் மீதியில பாதி. அர்ரேவுல மட்டும் பார்த்த பைனரி சர்ச் இங்கே நிஜமாவே சோறு போடுது.

ஓஎஸ் லேப்ல வருஷா வருஷம் ரவுண்ட் ராபினையும் பேங்கர்ஸ் அல்காரிதத்தையும் ரெக்கார்டுல காப்பி அடிக்கிறோம். அதுல ஒரு வாரத்தை இதுக்குக் கொடுக்கச் சொல்லி உங்க ஸ்டாஃப்கிட்ட கேளுங்க. லேப் மூலையில கிடக்கிற ஒரு பழைய பிசி போதும். ஒரு டீம், ரெஸ்யூம் ஃபங்ஷன்ல முடிவே இல்லாத லூப் வெச்ச மாட்யூலை எழுதட்டும். அது எங்கே இருக்குன்னு பக்கத்து டீம் கண்டுபிடிக்கட்டும்.