பதினாயிரம் ஆண்டுக் கணக்கு

மாணவர்களே! ‘இயலாது’ என்னும் சொல் இருவகைப் பொருளுடையது. எக்காலத்தும் எவ்வாற்றானும் இயலாது என்பது ஒன்று. யாம் அறிந்த வழிகளால் இயலாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் கற்றோரிடத்தும் காணப்படுகின்றது. யான் தமிழ் பயின்று, தமிழே பயிற்றி, ஓய்வு பெற்றவன்; கணிதம் என் துறையன்று. எனினும் என் பெயரன் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்த ஒரு வரி என்னை இவ்வாராய்ச்சியுள் ஈர்த்துவிட்டது. ‘பழைய கணினிக்குப் பதினாயிரம் ஆண்டு ஆகும் வேலையைக் குவாண்டம் கணினி 200 நொடியில் முடித்தது’ என்பதே அவ்வரி.

2019ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட செய்தி அது. ‘சிக்கமோர்’ என்னும் அவர்தம் பொறியில் 53 கியூபிட்டுகள் இயங்கின. அவற்றின்மேல் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த செயல்களை இருபது அடுக்காக நிகழ்த்தி, இறுதியில் அளந்து, கிடைக்கும் விடைகளைத் திரட்டுவதே அதற்கு இட்ட பணி. பொறியின் ஆற்றலைச் சோதிப்பதே அதன் நோக்கம். அப்பணியை அந்நாளில் உலகின் தலைசிறந்த மீக்கணினியாக விளங்கிய, அமெரிக்க ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துச் ‘சம்மிட்’ செய்யப் புகின் பதினாயிரம் ஆண்டு ஆகும் என அவர்கள் மதிப்பிட்டனர்.

இத்துணை அருமை யாதென வினவுவீராயின், நும் யாப்பிலக்கணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நேர், நிரை என அசை இருவகை. ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. ஓரசை கூடுந்தோறும் வாய்பாடு இருமடங்காதல் காண்க. 53 அசைகளால் ஒரு சீர் அமைப்பதாகக் கொண்டால் (எப்புலவரும் அத்துணிவு கொள்ளார்!) அதன் வாய்பாடுகள் ஏறத்தாழ 90 கோடி கோடி ஆகும். அசையோ நேராதல் வேண்டும், அன்றி நிரையாதல் வேண்டும். கியூபிட்டோ இருநிலையும் ஒருங்கு கலந்து நிற்கவல்லது. ஆதலின் அதன் செயலைப் பழைய கணினியில் அவ்வாறே கணித்துக் காட்ட விரும்புவோன், நேர்வழியிற் செல்வானாயின், ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் ஒரு கலப்பெண்ணை எழுதி வைத்தல் வேண்டும். எண் ஒன்றுக்கு 8 பைட் எனச் சுருங்கக் கொள்ளினும் 72 பெட்டாபைட் இடம் வேண்டும்.

இக்கணக்கிற் பிழையில்லை. ஆயினும் நேர்வழி ஒன்றே வழியென்று எவர் கூறினார்?

ஐபிஎம் நிறுவனத்தார் அதே திங்களில் தடை எழுப்பினர். சம்மிட்டின் வட்டுச் சேமிப்பையும் பயன்படுத்தினால் இரண்டரை நாளே போதும் என்றனர். அதனினும் நுண்ணிய விடை சீனத்திலிருந்து வந்தது. சீன அறிவியல் கழகத்தைச் சார்ந்த பான் ஜாங் குழுவினர் எல்லா எண்களையும் ஒருங்கே எழுதிவைக்க முயலவில்லை. சுற்றின் ஒவ்வொரு செயலையும் ஒரு முடிச்சாகவும், செயல்களுக்கு இடைப்பட்ட தொடர்பை இழையாகவும் கொண்டு ஒரு வலை அமைத்தனர். ‘டென்சர் வலை’ என்பது அதன் பெயர். நெடும்பாட்டுக்கு உரை காண்பவர் எல்லாச் சொற்களின் எல்லாப் பொருள்களையும் பெருக்கிப் பார்ப்பாரல்லர்; இயைந்த சொற்களை முதலிற் கூட்டி, வந்த பொருளை அடுத்ததனோடு கூட்டுவார். இவர்களும் எம்முடிச்சை எதனோடு முன்னர்ச் சேர்ப்பது என்னும் வரிசையை ஆராய்ந்து தேர்ந்தனர். வரிசை தவறின் வேலை மலையாகும். வாய்த்தால் கைக்கு அடங்கும்.

மற்றொன்றும் கண்டனர். சிக்கமோரும் பிழையற்ற பொறியன்று. அதன் விடைத்தொகுதியின் செம்மை நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆயிரத்தில் இரண்டு பங்கே. அத்தகைய பொறியோடு போட்டியிடுவோர் முழுச்செம்மையாகக் கணிக்க வேண்டுவது யாது? வலையின் சில இழைகளை அறுத்து, சிக்கமோரினும் சற்று மிக்க செம்மையுடன், 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு ஏறத்தாழ 15 மணி நேரத்தில் பணியை முடித்தனர். 2022இல் அவ்வாய்வு அச்சேறியது. பதினாயிரம் ஆண்டு ஒரு பகற்பொழுதாகச் சுருங்கிற்று.

2023இலும் இதுவே நிகழ்ந்தது. ஐபிஎம்மின் 127 கியூபிட் பொறி செய்த கணிப்பொன்றைச் சில வாரங்களுக்குள் பிறர் மடிக்கணினியிலேயே செய்து காட்டினர். கியூபிட்டின் எண்ணிக்கை மட்டும் அருமையை அளக்கும் கோலன்று. ஒருவகைச் செயல்களால் மட்டுமே அமைந்த சுற்று எத்துணைப் பெரிதாயினும் பழைய கணினிக்கு எளிதே என்பது காட்டெஸ்மன், நில் என்பார் தேற்றத்தால் 1998ஆம் ஆண்டு முதலே அறியப்பட்டது.

இவ்வாறு மறுப்போரைப் பொறாமை கொண்டோர் எனச் சிலர் இகழ்வதுண்டு. யான் உடன்படேன். நம் பழைய உரைகளில் தடையும் விடையும் இடம்பெறுதல் நீவிர் அறிவீர். தடை எழுப்புவோன் நூலின் பகைவனல்லன். அவன் வினவியிராவிடின் நூலாசிரியன் தன் கருத்தின் எல்லையைத் தானே அறியான். கூகுளாரும் தம் கட்டுரையில் அறிந்த வழிகளோடு ஒப்பிட்டே கூறினர்; அதனால் அவர்தம் சிறப்பு ஒருசிறிதும் குறைந்திலது என்பது என் துணிபு.

மறுதலையும் கூறவேண்டும். எல்லாக் குவாண்டம் சுற்றுகளையும் விரைவிற் கணிக்கும் பொதுவழி எதனையும் எவரும் கண்டிலர்; அத்தகைய வழி இல்லை என்பதே அறிஞர் பலர் கருத்து. பிழை குறையக் குறைய இழைகளை அறுக்கும் உத்தியும் வலி குன்றும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுளார் ‘வில்லோ’ என்னும் 105 கியூபிட் பொறியைக் காட்டி, அது ஐந்து நிமிடத்துள் முடிக்கும் பணிக்கு மீக்கணினி ஒன்றையடுத்து 25 சுழியிட்ட ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும் என்றனர்.

என் பெயரன் தன் பழைய வரியை அடித்துவிட முனைந்தான். யான் தடுத்தேன். ‘அந்நாளில் அறிந்த வழிகளால்’ என்பதை அதன் முன்னர்ச் சேர்க்கச் செய்து, கீழே ‘2022: 15 மணி’ என எழுதுவித்தேன். வில்லோவின் கணக்கை எழுதிய பின்னர், அவன் தானே இரண்டு வரி இடம் விட்டிருக்கின்றான்.