பிரேக் பேடும் எவர்கிரீனிங்கும்

பேங்கில் 'எவர்கிரீனிங்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. பழைய கடனைக் கட்ட முடியாதவருக்குப் புதுக்கடன் கொடுத்து, அந்தப் பணத்திலேயே பழையதை வரவு வைத்துக்கொள்வது. ஏட்டில் பார்த்தால் கணக்கு பச்சைப் பசேல் என்று இருக்கும். மனுஷன் ஏன் கட்டவில்லை என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆடிட்டில் மாட்டினால் எங்கள் தலை உருளும். இதையே ஒர்க்‌ஷாப்பில் செய்தால் பில் போட்டு, வண்டியைக் கழுவியும் தருகிறார்கள்.

புனேவுக்கு மாற்றலாகி வந்ததும் ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கினேன். எட்டு வயசு வண்டி. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றினார்கள். நாலைந்து மாசத்தில் மறுபடி இழுப்பு, மறுபடி பேட். மூன்றாம் தடவை டிஸ்கையும் சேர்த்து மாற்றினார்கள். "பேட் கிஸ் கயா சாப்" என்றார் சூப்பர்வைசர். தேய்ந்தது எனக்கும்தான் தெரிகிறது. இடது சக்கரத்தில் மட்டும், அதிலும் உள்பக்க பேட் மட்டும் ஏன் தேய்கிறது? அதற்குப் பதில் இல்லை.

பதில் கட்ராஜ் பக்கம் ஒரு தகர ஷெட்டில் கிடைத்தது. அந்தப் பெரியவர் முன்பக்கம் ஜாக்கி போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டார். வலது சுற்றியது, இடது நின்றுவிட்டது. அவ்வளவுதான் பரிசோதனை. காலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து, முன்னால் போனது பின்னால் வராமல் பேடை டிஸ்கோடு அழுத்தியபடியே இருந்திருக்கிறது. பிஸ்டன், சீல், புது ஆயில் போட்டார். டிஸ்குக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

துரு எப்படி வந்தது என்றும் அவரே சொன்னார். நாம் பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 வகை புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மகாபலேஷ்வரிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்து மிதித்து அது கொதித்தால், குழாயில் நீராவி. மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று பல கம்பெனிகளின் கையேடு சொல்கிறது. என் வண்டியின் பழைய சர்வீஸ் புத்தகத்தில் எட்டு வருஷத்துக்கும் அந்த ஒரு வரி கிடையாது.

சரி, யார் பார்க்க வேண்டும் இதை? சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதுவரை ஃபிட்னஸ் சோதனை கிடையாது. புகைக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். (புகை வரும் வண்டி நிற்குமா என்பது வேறு இலாகா போலிருக்கிறது!) இங்கிலாந்தில் மூன்று வயசு ஆனதும் வருஷா வருஷம் சோதனை, அதில் பிரேக்கும் உண்டு. இங்கேயும் சட்டம் போட்டால், வண்டியைப் பார்க்காமலேயே சான்றிதழ் விற்பார்கள் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், கடன் கொடுக்கிற நாங்கள் கேட்க வேண்டும். போகிற பணம் எங்களுடையது. நான் பார்த்த பழைய கார் மதிப்பீட்டு அறிக்கைகளில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், டயர் எத்தனை சதவீதம், பெயின்ட் எல்லாம் இருக்கும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு பைசா விடமாட்டோம். பிரேக்குக்கு ஒரு டிக் மார்க். மாற்றிய தேதியோடு பிரேக் ஆயில் பில்லும், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்ததற்கு ஒரு கையெழுத்தும் கேட்டால் வாங்குகிறவருக்கு என்ன பெரிய செலவு?

லோன் இல்லாமல் வாங்குகிறவர்கள், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஜோடிச் சக்கரத்தைவிட ஒன்று மட்டும் கொதித்தால், பேட் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

போன வாரம் எங்கள் மதிப்பீட்டாளரிடம் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது ஃபார்மில் இல்லையே சார்" என்றார். ஃபார்மை மாற்றச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.