ராக்கெட் விடும் முன் திருப்பதி ஏன்? விஞ்ஞானிகளும் விடாத சடங்கின் பின்னணி

2023 ஜூலை 13. சந்திரயான்-3 கிளம்ப இன்னும் ஒரே நாள். கையில் குட்டி சந்திரயான் மாதிரியோடு இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் திருப்பதி ஏழுமலையானைக் கும்பிடப் போனார்கள். அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத், ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சூலூர்பேட்டை செங்காளம்மா கோயிலுக்குப் போய் வந்தார். போட்டோக்கள் வைரலாக, சோஷியல் மீடியா வழக்கம்போல இரண்டாகப் பிரிந்தது. "நிலவுக்கே போறவங்களுக்கு இதெல்லாம் தேவையா?" என்று ஒரு பக்கம். "பாத்தீங்களா, விஞ்ஞானியே நம்புறாரு" என்று இன்னொரு பக்கம்.

இரண்டு பேருமே ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அதற்கு நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

சந்திரயான்-2க்கு முன்பும், அன்றைய தலைவர் சிவன் திருமலைக்குப் போய் சாமி கும்பிட்டார். 2019 செப்டம்பரில் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. அடுத்த முறைக்கு இஸ்ரோ எதை மாற்றியது? லேண்டரின் கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை அளக்க புதிய லேசர் கருவி வைத்தார்கள். 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த தரையிறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரித்தார்கள். எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று யோசித்து யோசித்து வடிவமைத்தார்கள். பூஜையில் ஏதோ குறை, அதனால்தான் விழுந்தது என்று யாரும் பேசவில்லை. அதே சமயம், போன தடவை பலிக்கலையே என்று கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை.

அதாவது, சடங்கு அங்கே ராக்கெட்டைப் பறக்க வைக்கும் வேலையைச் செய்யவே இல்லை. அப்படியானால் வேறு என்ன வேலை செய்கிறது?

நாசாவில் வேர்க்கடலை

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும்தான் என்று நினைத்தால், அமெரிக்காவைப் பாருங்கள். நாசாவின் ரேஞ்சர் விண்கலங்கள் வரிசையாக ஆறு முறை சொதப்பின. 1964இல் ரேஞ்சர்-7 கிளம்பியபோது, கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் வேர்க்கடலை கொண்டு வந்திருந்தார். மிஷன் சக்சஸ். அன்றிலிருந்து நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் முக்கியமான தருணம் எதுவும் கடலை இல்லாமல் நடப்பதில்லை. ரஷ்யா இன்னும் ஒரு படி மேலே. 1961இல் யூரி ககாரின், ராக்கெட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி, டயர் மேல் சிறுநீர் கழித்தார். பிறகு வந்த விண்வெளி வீரர்கள் அதையும் சம்பிரதாயமாக்கிவிட்டார்கள். கடவுளே இல்லை என்று அதிகாரபூர்வமாகச் சொன்ன சோவியத் நாட்டில் பிறந்த சடங்கு அது!

இதற்கான விடையை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி நூறு வருடத்துக்கு முன்பே நெருங்கிவிட்டார். முதல் உலகப் போர் காலத்தில், பப்புவா நியூ கினி பக்கம் இருக்கும் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் மீனவர்களோடு தங்கியிருந்தார். அங்கே அமைதியான உப்பங்கழியில் மீன் நிச்சயம் கிடைக்கும், ஆபத்தும் இல்லை. அதற்கு மந்திரம், சடங்கு எதுவும் கிடையாது. திறந்த கடலுக்குப் போவதென்றால் மட்டும் ஏகப்பட்ட சடங்கு. ஒரே ஆட்கள், ஒரே தொழில். கையில் கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் திறமையை நம்புகிறார்கள். கட்டுப்பாடு முடியும் இடத்தில் சடங்கு ஆரம்பிக்கிறது.

1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலில் நடந்த ஆய்வும் இதையேதான் காட்டியது. ஏவுகணை விழும் பகுதிகளில் வசித்தவர்களிடம் இந்த மாதிரி நம்பிக்கைகள் மற்ற பகுதிகளைவிட அதிகமாக இருந்தன.

நம்மையே எடுத்துக்கொள்வோமே. தினமும் ஓட்டுகிற ஸ்கூட்டருக்கு நாம் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை, புது வண்டி எடுக்கும் அன்றைக்குத்தான். எல்லாம் தெரிந்த வேலைக்கு ராகு காலம் பார்க்காத எங்கம்மா, நான் இன்டர்வியூவுக்குக் கிளம்பினால் மட்டும் "பத்தரைக்கு மேல போ" என்பார். (இன்டர்வியூ பத்து மணிக்கு. போய்விட்டேன். வேலையும் கிடைத்தது. அம்மா விநாயகருக்கு உடைத்த தேங்காய்தான் காரணமாம்.)

ஆனால் பயம் மட்டுமா?

இல்லை. ஆயுத பூஜை அன்று ஐ.டி. ஆபீஸில் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறோமே, அதில் என்ன பயம்? பொரிகடலையும் டீம் போட்டோவும்தான் மிச்சம். சேர்ந்து செய்வதே அங்கே விஷயம்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் தமிழர்களிடம். மொரிஷியஸில் நம் வம்சாவளியினர் தைப்பூசத்துக்கு அலகு குத்தி காவடி எடுப்பார்கள். டிமிட்ரிஸ் சைகலாடஸ் என்ற மானுடவியலாளரின் குழு, காவடி முடிந்து வந்தவர்களையும், கோயிலில் கூட்டுப் பிரார்த்தனை மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டது. இருவருக்கும் கொஞ்சம் பணம் கொடுத்து, விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம் என்றார்கள். காவடிப் பக்கம் இருந்தவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். காவடி தூக்காமல் கூட நடந்து வந்தவர்களும்தான்! 2013இல் வெளியான ஆய்வு இது. முருகன் இருக்கிறாரா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. அந்தக் கூட்டம் ஒருவருக்கொருவர் என்ன ஆகிறது என்பதற்கு இருக்கிறது.

அதனால்தான் "படிச்சா மாறிடுவாங்க" என்ற எதிர்பார்ப்பு பாதிதான் பலிக்கிறது. கிரகணம் ஏன் வருகிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பதற்றத்துக்கும் தனிமைக்கும் பாடப்புத்தகத்தில் சேப்டர் இல்லை.

எங்கே பிரச்சினை?

இஸ்ரோவில் பூஜையும் பொறியியலும் தனித்தனி அறையில் இருந்தன. ஒன்று மற்றொன்றின் வேலைக்குள் தலையிடவில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு. அரசு நிறுவனத்தின் பெயரில் பூஜை எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதுதான். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அறைக்கு நடுவில் சுவரே இல்லாத இடங்களில்.

உதாரணம், பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். விஷமுறிவு மருந்து நம்மிடம் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போட்டாக வேண்டும். அந்த நேரத்தை மந்திரிப்பவர் வீட்டு வாசலில் இழந்தவர்கள் ஏராளம். விஷமில்லாத பாம்பு கடித்தவர் மந்திரித்ததும் பிழைத்துக்கொள்வார், அந்தக் கதைதான் ஊர் முழுக்கப் பரவும். பிழைக்காதவர் கதையைச் சொல்ல ஆள் இருக்காது.

அந்த மருந்துக்கான விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதில் முக்கியமான ஒன்று. 1978இல் தொடங்கியது. இருளர்கள் நாகத்தையும் கட்டுவிரியனையும் பிடித்து வந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். அதே இருளர் மக்கள்தான் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டு, விடியற்காலையில் மணலில் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கும்பிட்டுவிட்டு, திரும்ப வேலைக்குப் போகிறார்கள்.