‘அசைவம்’ என்னும் வசைச்சொல்

காருவா (அமாவாசை) இரவில் மேல்மலையனூர் வந்தவர் எவரும் அறிவர். செஞ்சியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வரும் பேருந்துகள் ஊர்க்கு வெளியிலேயே நின்றுவிடும். மக்கள் பிள்ளைகளைத் தோளிலும் மூட்டைகளைத் தலையிலும் சுமந்து நடந்தே ஊர் புகுவர். நள்ளிரவில் அங்காளம்மன் ஊசலாடும் காட்சியைக் கண்ட பின்னரே அவர்க்கு உறக்கம். மாசித் திங்களிலோ, ‘மயானக் கொள்ளை’ எனப்படும் சுடுகாட்டுக் கொள்ளை விழாவிற்கு வரும் கூட்டத்திற்குக் கணக்கில்லை. உழவர், கூலியாள், நெசவாளர், கல்லுடைப்போர் எனப் பாடுபட்டு உண்ணும் குடிகளே அவருட் பெரும்பாலோர். அடுப்புக் கூட்டிப் பொங்கலிட்டு, நேர்ந்துவிட்ட கோழியை அறுத்துச் சமைத்துத் தம் தாய்க்குப் படைப்பர். அஃது அவர்தம் வழிபாடு, வழிவழி வந்தது.

சென்ற மாசியில், அவ்விழா முடிந்த மறுநாட் காலை, சாலையோரத்து உணவகம் ஒன்றில் அமர்ந்திருந்தேன். வாயிலில் ‘உயர்தர சைவ உணவகம்’ என்றும், அதன்கீழ்ச் சிவப்பெழுத்தில் ‘பியூர் வெச்’ என்றும் பலகை. மூதாட்டி ஒருத்தி பெயரனைக் கையிற் பிடித்தபடி உள்ளே வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. இடுப்பில் துணி கட்டிய தூக்குச்சட்டி. பிள்ளைக்கு இரண்டு இட்டலி கேட்டாள். பரிமாறுவோன் சட்டியைப் பார்த்தான். “என்ன அதில்?” என்றான். “ஆத்தாளுக்குப் படைச்ச சோறுப்பா” என்றாள். “அசைவம் உள்ளே வரக்கூடாது, வெளியே போ” என்றான். அவள் மறுமொழி சொல்லவில்லை. புழுதியில் அமர்ந்து, அந்தச் சட்டியைத் திறந்து பிள்ளைக்கு ஊட்டினாள். கல்லாவில் இருந்தவர் நெற்றியிலும் அதே திருநீறுதான் இருந்தது என்பதை ஈண்டுக் குறித்துவைக்கிறேன். அற்றை நாள் என் தொண்டையில் உணவு இறங்கவில்லை.

யான் புலால் உண்பவன் அல்லேன். கல்லூரியில் தமிழ் பயின்ற நாளில், திருக்குறளின் இருபத்தாறாம் அதிகாரத்தை ஆசிரியர் நடத்தி முடித்த மாலையே விட்டேன். ஆகலின், இக்கட்டுரை நாவின் சுவைக்காக எழுதப்படுவதன்று.

‘அசைவம்’ என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்குவோம். தமிழில் ‘அ’ என்பது சுட்டெழுத்து. அ + சைவம் என்பது தமிழ்ப் புணர்ச்சியில் ‘அச்சைவம்’ என்றாகி, ‘அந்தச் சைவம்’ என்றே பொருள்தரும். முன்னே ‘அ’ வைத்து எதிர்மறை ஆக்குவது வடமொழி முறை. தமிழன் இல்லை என்பதற்கு ‘இல்’ என்பான், அன்று என்பதற்கு ‘அல்’ என்பான். எனவே இச்சொல்லின் தலையே நமதன்று. உடலும் அன்னதே. சங்க நூல்களில் ‘சைவம்’ என்னும் சொல் இல்லை. மணிமேகலையில் ‘சைவவாதி’ என்று தலைகாட்டுகிறது. ஆங்கும் அது சமயத்தின் பெயரேயன்றிச் சோற்றின் பெயரன்று. சிவனை வணங்குவாரின் சமயப் பெயரைக் கத்தரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் சூட்டிவிட்டு, அதே சிவனை வணங்கிக் கோழியுண்பாரை ‘சைவம் அல்லாதவர்’ என்று தள்ளும் பொய்ம்மை பிற்காலத்தது.

இக்கணக்கின்படி கண்ணப்பர் யார்? வாயாற் சுவைபார்த்த இறைச்சியைக் காளத்தி இறைவற்குப் படைத்த வேடர் அவர். சேக்கிழார் அவரை அறுபத்து மூவருள் ஒருவராக வைத்துப் பாடினார். அவரை எந்தப் பலகைக்குக் கீழே அமர்த்துவது? அவர் இன்று எழுந்துவரின், அம்மூதாட்டி அருகில் புழுதியிலன்றோ அமர்ந்திருப்பார்!

மறுபுறத்தையும் பாருங்கள். எங்கள் செஞ்சிப் பக்கத்திற்கு இதைச் சொல்லும் உரிமை மிகுதி. திருநாதர் குன்றில் சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைப் பாறையில் வெட்டி வைத்திருக்கின்றனர். ‘ஐ’ என்னும் எழுத்து முதன்முதற் காணப்படுவது அக்கல்வெட்டில்தான் என்பர். மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் உள்ளது. சுற்றியுள்ள ஊர்களில் வாழும் தமிழ்ச் சமணர் வழிவழியாய்ப் புலால் தொடாதவர். கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர். அவர்தம் உணவிற்கு என்ன பெயர்? கடைக்காரரைக் கேட்டால் ‘சைவம்’ என்பார். சமணரும் சைவரும் எத்துணை நூற்றாண்டு வழக்காடினர்! அச்சமணர் தட்டில் உள்ளதும் ‘சைவம்’, திருநீறணிந்த மூதாட்டியின் சட்டியில் உள்ளது ‘அசைவம்’. இவ்வளவு குழப்பத்தையும் ஒரு பெயர்ப்பலகை விழுங்கிவிட்டு நிற்கிறது.

வள்ளுவர் இதனை எங்கே வைத்தார்? துறவறவியலில், அருளுடைமையை அடுத்து. அருள் உண்டாயின் புலால் தானே நீங்கும் என்பது அவ்வைப்புமுறையின் பொருள். அஃது ஒருவன் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் நோன்பு. பிறனை வாயிலில் நிறுத்தி வினவும் சட்டமன்று. நோன்பை வணிகப் பெயராக்கிய நாளே அதன் அருள் போயிற்று.

வணிகம் என்றதும் எல்லார்க்கும் நினைவுக்கு வருவது சரவண பவன். ‘சரவணபவ’ என்னும் முருகனின் ஆறெழுத்தையும், வடநாட்டார் மாளிகைக்கு வழங்கும் ‘பவன்’ என்பதையும் ஒட்டவைத்த பெயர் அது. 1981-ஆம் ஆண்டு சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரில் இராசகோபால் அதனைத் தொடங்கினார். தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்து, சென்னையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அவர். நெருப்போடு தொடர்புடைய தொழில் செய்க என்று கணியன் ஒருவன் கூறியதாலேயே உணவகம் தொடங்கினார் என்பர். கடைகளில் முருகன் படமும் கிருபானந்த வாரியார் படமும் விளங்கின. பார்ப்பனர் கையிலேயே இருந்த தொழிலை நாடார் குலத்துப் பிறந்த ஒருவர் கைப்பற்றித் துபாய், இலண்டன், நியூயார்க்கு வரை கிளை பரப்பியது சிறு செயலன்று. அதனை மறைப்பது நேர்மையுமன்று. பணியாளர்க்கு வீடும் மருத்துவமும் பிள்ளைகட்குக் கல்வியுதவியும் அளித்தார் என்பதும் உண்மையே. ‘அண்ணாச்சி’ என்று அவர்கள் அன்போடு அழைத்தனர்.

அவரே 2001-இல், தம் பணியாளர் ஒருவரின் மகளை மூன்றாம் மனைவியாக்க முனைந்து, அவள் கணவனைக் கொல்வித்த வழக்கிற் சிக்கினார். 2004-இல் பத்தாண்டுச் சிறை. 2009-இல் சென்னை உயர் வழக்குமன்றம் அதனை வாழ்நாட் சிறையாக்கிற்று. 2019 மார்ச்சில் உச்ச வழக்குமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு சூலையில் சரணடைந்து, சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். அம்மணம் செய்தால் மேன்மை உண்டு என்று சொன்னவனும் ஒரு கணியனே என அந்நாட் செய்தித்தாள்கள் எழுதின. இறந்தாரை இகழ்வது என் நோக்கமன்று. யான் கேட்பது ஒன்றே: அவ்வடுக்களையில் ஒருநாளேனும் ஒரு மீன்முள் புகுந்ததுண்டா? இல்லை. அடுக்களை தூய்மையாகவே இருந்தது. ‘தூய சைவம்’ என்னும் பலகை அடுக்களைக்கு மட்டுமே சான்று. அதைக் குணத்திற்கும் குலத்திற்கும் சான்றாகக் காட்டுவதுதான் மோசடி.

அயல்நாட்டிலும் இத்தகைய கடைகள் உள. வியத்துநாமிற் பிறந்து தைவானில் இயக்கம் கண்ட சிங் ஆய் என்னும் அம்மையாரைப் பின்பற்றுவோர், 2008 முதல் ‘லவிங் ஹட்’ (பலகையில் உள்ளவாறே எழுதினேன், அயலெழுத்தைப் பொறுத்தருள்க) என்னும் பெயரில் பல நாடுகளில் உணவகம் நடத்துகின்றனர். ஊன் மட்டுமன்று, பாலும் நெய்யும் தயிரும்கூட அங்கு இல்லை. அவர் அளவுகோலால் அளந்தால், நெய் ஒழுகும் தோசையும் தயிர்ச்சோறும் விற்கும் நம்மூர் ‘உயர்தர சைவம்’ அனைத்தும் தூய்மையற்றவை! மலேயா நாட்டில் சாந்தானந்த சரசுவதி என்னும் துறவியார் வழிவந்த அன்னலட்சுமி உணவகங்களோ, விரும்பியதை உண்க, மனம் உவந்ததைத் தருக என்னும் முறையை வைத்தன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம் கோவையிலும்கூட அப்பெயரில் உணவகம் நடந்தது. விலைப்பட்டியலை எடுத்தெறிந்த அத்துணிவை யான் மதிக்கிறேன்.

ஆயினும் அதனினும் முன்னரே, பட்டியலும் கல்லாவும் இல்லாத சாலை ஒன்று நம் தென்னார்க்காட்டு மண்ணிலேயே எழுந்தது. 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அச்சாலைக்கு அவர் இட்ட பெயர் வடசொல்லே, அதையும் மறைக்கேன். புலால் உண்பாரைப் ‘புறவினத்தார்’ என்று கடிந்தவரும் அவரே. அவரினும் மிக்க புலால் மறுப்பாளரை யான் அறியேன். அத்தகையவரே, பசித்து வந்தார்க்கு நாடு, குலம், சமயம், ஒழுக்கம் எதுவும் வினவாது சோறிடுக என்றார். வடலூர் வரிசையில் நிற்பவனை ‘நேற்று என்ன உண்டாய்?’ என்று கேட்பாரில்லை. அருள் கொண்ட மறுப்பிற்கும் பலகை கொண்ட மறுப்பிற்கும் இடைப்பட்ட தொலைவு, எங்கள் ஊர்ச் சாலைக்கும் வடலூர்க்கும் இடைப்பட்ட தொலைவினும் பெரிது.

இப்பலகையின் முன்னோர் யாவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் ஒரு போராட்டம் தொடங்கினார். பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் ஒரு சொல்லை நீக்குக என்பதே வேண்டுகோள். நாள்தோறும் தொண்டர் சிறை புகுந்தனர். பல திங்கள் நடந்தது. 1958-இல் சொல் நீங்கிற்று. நீங்கிய சொல் எங்கும் போய்விடவில்லை என்றே யான் எண்ணுகிறேன். உடைமாற்றிக்கொண்டு, ‘தூய’ என்னும் அடைமொழியோடு அதே வாயிலில் வந்து நின்றது. அன்று குலத்தைக் கேட்டனர். இன்று உணவைக் கேட்டுக் குலத்தை அறிந்துகொள்கின்றனர்.

இதனை யான் நூலிற் படித்து அறியவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகட்கு முன், பணியேற்ற புதிதில், வடமாவட்ட நகர் ஒன்றில் வாடகைக்கு வீடு தேடினேன். “நீங்கள் சைவமா?” என்றார் வீட்டுக்காரர். புலால் உண்பதில்லை என்றேன். மகிழ்ந்து திறவுகோலைத் தந்தார். இரண்டாம் திங்களில் என் தாய் ஊரிலிருந்து வந்தாள். மகன் உண்ணான் என்று அறிந்தும், தன் வழிக்கஞ்சிக்குத் துணையாகக் கருவாட்டுக் குழம்பு சிறிது கொண்டுவந்திருந்தாள். மணம் மாடிக்குப் போயிற்று. மறுநாள் வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, “நீங்கள் எந்த ஆட்கள் என்று முன்பே சொல்லியிருக்கலாமே” என்றார். திங்கள் முடிவிற்குள் வீட்டைக் காலி செய்தேன். என் தாய் அதற்குப்பின் எந்த ஊரிலும் என் வீட்டிற்கு உணவு எதுவும் கட்டிக்கொண்டு வந்ததில்லை. அவள் மறைந்து ஒன்பதாண்டுகள் ஆகின்றன.

அரசும் இதில் குற்றமற்றதன்று. 1950-இல் இயற்றிய உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தூசு தட்டி எடுத்து, ஊர்த் தெய்வங்களின் வாயிலில் காவலரை நிறுத்தினர். மக்கள் சினம் கண்டு 2004-இல் அச்சட்டத்தையே நீக்கினர். கருநாடகத்திலோ, இசுக்கான் சார்பான அட்சயபாத்திரம் நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளின் உணவில் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மறுத்தது 2018, 2019 ஆண்டுகளிற் பெரும் வழக்காயிற்று. நம் பள்ளிகளில் 1989-இல் நண்பகல் உணவோடு முட்டை சேர்ந்தது. 2010 முதல் கிழமைக்கு ஐந்து முட்டை. உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். யான் வரிசையில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன்: முட்டை பெறும் பிள்ளையும் பழம் பெறும் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்து உண்பர். எவர்க்கும் பலகை இல்லை. சில வேளை பாதிப் பழத்திற்குப் பாதி முட்டை கைமாறுவதும் உண்டு. ஆசிரியன் அதைக் காணாதவன்போல் திரும்பிக்கொள்வான்.

எனின், என்ன பெயர் சொல்வது? புலால் உணவு, ஊனுணவு எனச் சொல்க. அவற்றில் இழிவு ஏதுமில்லை. மற்றதற்கு ஈழத்தமிழர் வழங்கும் ‘மரக்கறி’ என்னும் சொல் உண்டு. ‘சைவக் கடை’ அவரிடத்தும் உண்டெனினும், மரக்கறி என்பதை அவர் இழக்கவில்லை. ‘சைவம்’ என்பது சமயத்தார்க்கு இருக்கட்டும். ‘அசைவம்’ என்பதைத் தமிழர் நாவிலிருந்தே துடைத்தெறிதல் வேண்டும். பெருமளவு தமிழரின் உணவை, அஃது எதுவன்று என்பதைக்கொண்டு சுட்டும் வசைச்சொல் அது.

மேற்சொன்ன சாலையோர உணவகத்தின் உரிமையாளர் என் பழைய மாணவரே. விழா முடிந்த மறுகிழமை சென்று இவற்றையெல்லாம் கூறினேன். பொறுமையாய்க் கேட்டார். “ஐயா, சைவம் என்று எழுதாவிட்டால் சென்னைக் குடும்பங்கள் வண்டியை நிறுத்தமாட்டார்கள்” என்றார். ‘மரக்கறி உணவகம்’ என்று எழுதலாமே என்றேன். சிரித்தார். “மரத்தில் கறி சமைக்கிறானோ என்று கேட்பார்கள் ஐயா!” ‘கறி’ என்பது சங்க நாளில் மிளகைக் குறித்த சொல் என்று விளக்கத் தொடங்கினேன், அதற்குள் அவர்க்குக் கூட்டம் வந்துவிட்டது.

பலகை மாறவில்லை. ஆனால் சென்ற காருவாவன்று அவ்வழிச் சென்றபோது, கடை முகப்பில் புதிதாய் ஒரு விசிப்பலகையும் குடிநீர்ப் பானையும் கண்டேன். கட்டுச்சோறு கொண்டுவருவோர் அங்கமர்ந்து உண்ணலாமாம். இன்னும் கூரைக்கு வெளியேதான். எனினும் புழுதியில் அன்று. அடுத்த காருவாவிற்கும் செல்வேன். பலகையைப் பற்றி மீண்டும் பேசுவேன்.