வாங்குவோர் விவரமும் காப்போர் கடமையும்

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்துப் பண்டசாலையிலே பொதிகள் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் உடையவர் பெயரும் பொருளின் அளவும் கண்ணெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருந்தன என்பர் இளங்கோவடிகள். அன்றைய வாணிகம் பொருளின்மேல் குறியிட்டது. இற்றை நாள் வாணிகமோ பொருளை வாங்குபவர்மேலும் குறியிட விழைகிறது. அவர் பெயர் யாது, ஊர் எது, வீட்டில் கைக்குழந்தை உண்டா, எந்தச் சோப்பை விட்டு எதற்கு மாறினார் என்னும் செய்திகள் எல்லாம் இன்று பெருநிறுவனங்களின் செல்வமாக மதிக்கப்படுகின்றன. சிதறிக் கிடக்கும் இச்செய்திகளை ஓரிடத்தில் திரட்டுவது நன்றா, தீதா? திரட்டினால் அவற்றைக் காக்கும் முறை யாது? இவை கணிப்பொறித் துறையினர்க்கு மட்டுமே உரிய வினாக்கள் அல்ல. தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் இவற்றில் பங்குண்டு என்பது நம் கருத்து.

ஆக்குவோர் அறியாத வாங்குவோர்

நுகர்பொருள் ஆக்கும் பெருநிறுவனத்திற்கு ஒரு விந்தையான குறை உண்டு. கோடிக்கணக்கான வீடுகளில் அதன் சோப்பும் தேயிலையும் பற்பசையும் புழங்கும். ஆயினும் அவ்வீட்டார் யார் என்பது அதற்குத் தெரியாது. ஆலையிலிருந்து விநியோகஸ்தருக்கும், அவரிடமிருந்து மளிகைக் கடைக்கும் பொருள் போகிறது. அதன்பின் அது எவர் கைக்குப் போயிற்று என்பதை அறிந்தவர் கடைக்காரர் ஒருவரே. மாதக் கணக்கு வைப்பவர் யார், கடனைக் காலத்தில் தீர்ப்பவர் யார், பிள்ளை பெற்று மகள் தாய்வீடு வந்திருப்பது எந்த வீட்டில் என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும்.

இக்குறையைப் போக்கிக்கொள்ள நிறுவனங்கள் பல வழிகளை நாடின. இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் 2013-ஆம் ஆண்டளவில் பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களில் 'கான் கஜூரா தேசன்' என்னும் கைப்பேசி வானொலியைத் தொடங்கியது. தொலைக்காட்சியும் மின்சாரமும் சரியாக எட்டாத சிற்றூர்களில் இருப்பவர் ஓர் எண்ணுக்கு 'மிஸ்டு கால்' கொடுத்தால் போதும். திரும்ப அழைப்பு வரும். பாட்டும் நகைச்சுவையும் இலவசமாகக் கேட்கலாம். இடையிடையே நிறுவனத்தின் விளம்பரங்கள் ஒலிக்கும். 2014-இல் கான் விளம்பர விழாவிலும் இம்முயற்சி பரிசு பெற்றது. கேட்டவருக்குப் பாட்டு கிடைத்தது. நிறுவனத்திற்கோ, அதுகாறும் பெயரறியாக் கூட்டமாய் இருந்த மக்களின் கைப்பேசி எண்கள் கிடைத்தன.

அந்நிறுவனத்தின் தாய் நிறுவனமாகிய யுனிலீவர், அமெரிக்காவில் சவரப் பொருள்களை அஞ்சல் வழியே நேரடியாக வீடுகளுக்கு அனுப்பி வந்த 'டாலர் ஷேவ் கிளப்' என்னும் நிறுவனத்தை 2016-இல் வாங்கிற்று. விலை ஏறத்தாழ 100 கோடி டாலர் எனச் செய்தி வந்தது. சவர அலகினும், வாங்குவோருடன் அந்நிறுவனத்திற்கு இருந்த நேரடித் தொடர்பே பெரிதென அன்று பலரும் கருதினர். 2023-இல் அதன் பெரும்பங்கு விற்கப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்தே நினைத்தல் வேண்டும். விவரம் கையில் இருப்பதனாலேயே வாணிகம் செழித்துவிடும் என்பதில்லை.

பரிசுச் சீட்டு, குறை கூறும் தொலைபேசி, இணையதளம், செயலி, மாதிரிப் பொட்டலம் வேண்டி எழுதிய விண்ணப்பம் எனப் பல வாயில்களின் வழியே விவரங்கள் வந்து, வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கணிப்பொறிகளில் தங்குகின்றன. ஒரே மனிதர் அங்கே ஐந்து மனிதராக இருப்பார். அந்த ஐவரையும் ஒருவராக்குவதே இன்று அந்நிறுவனங்கள் மேற்கொண்டுள்ள பெரும்பணி.

திரட்டுதல் தீதா?

திரட்டுவதே தீது என்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் எளிய காரணம் கூறுவோம். 'என் விவரங்களை அழித்துவிடுங்கள்' என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். அவருடைய விவரம் பத்து இடங்களில் சிதறிக் கிடந்தால் ஓரிடத்தில் அழியும். ஒன்பது இடங்களில் எஞ்சும். விளம்பரம் வேண்டா என்று ஒரு துறைக்குச் சொன்னவருக்கு மற்றொரு துறை நாள்தோறும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். சிதறல் பாதுகாப்பு ஆகாது. தன்னிடம் இருப்பது யாது என அறியாதவன் அதனைக் காக்கவும் இயலாது. திருப்பித் தரவும் இயலாது.

ஆகவே நம் வினா திரட்டலாமா என்பதன்று. பிழையின்றித் திரட்டுகிறார்களா, இசைவு பெற்றுத் திரட்டுகிறார்களா, திரட்டியதைக் காக்கிறார்களா என்பவையே நம் வினாக்கள்.

பெயரில் நேரும் பிழை

ஐவரை ஒருவராக்கும் பணியில் கணிப்பொறி முதலில் நாடுவது பெயரை. அங்கேதான் நம் நாட்டுப் பெயர்கள் அதனைத் திகைக்க வைக்கின்றன. தமிழர் பலர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. படிவமோ கடைசிப் பெயர் கேட்கும். ஒருவர் அவ்விடத்தில் தந்தை பெயரை எழுதுவார். ஒருவர் தலைப்பெழுத்தை மட்டும் எழுதுவார். ஒருவர் தம் பெயரையே இரண்டாகப் பிளப்பார். திருமணத்திற்குப்பின் பெண்ணின் தலைப்பெழுத்து மாறுவதும் உண்டு. சாகுல் ஹமீது என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதை நம் கல்லூரி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே காணலாம். ஒருவரே மூவராகத் தோன்றுவதும், ஒரே தெருவின் மூன்று சாகுல் ஹமீதுகள் ஒருவராகி விடுவதும் இதனால் நேர்வன.

பெயர் உதவாதபோது கைப்பேசி எண்ணை நாடுகிறார்கள். நம் வீடுகளில் ஓர் எண் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மகனின் எண்ணைத் தாயும், கணவனின் எண்ணை மனைவியும் கொடுப்பது வழக்கம். துண்டிக்கப்பட்ட எண்ணோ, 90 நாள்கள் கழிந்தபின் வேறொருவர்க்கு வழங்கப்படலாம். முன்னவர் வாங்கிய மருந்துச் சோப்பின் வரலாறு பின்னவர் தலையில் ஏறும். ஒரு பெண் தன் உடல்நிலை பற்றித் தனிமையில் கேட்ட கேள்விக்கு உரிய விளம்பரம், அந்த எண்ணை வைத்திருக்கும் மைத்துனனின் கைப்பேசியில் வந்து நிற்கும். விற்பனைக் கணக்கில் இது சிறு பிழை. அவள் வீட்டிலோ மானம் பற்றிய செய்தி. ஐயம் உள்ள இடத்தில் இருவரை இணைக்காமல் விடுவதே முறை எனத் துணிந்து கூறுவோம்.

ஒரே களஞ்சியம்

திரட்டுவதில் உள்ள பேரிடர் வேறொன்று. பத்துக் குதிரில் இருந்த நெல்லை ஒரே களஞ்சியத்தில் கொட்டினால் கள்வனுக்கும் ஒரே திறவுகோல் போதும். 2024-ஆம் ஆண்டில் 'ஸ்னோஃபிளேக்' என்னும் தரவுக் கிடங்கைப் பயன்படுத்திய பல நிறுவனங்களின் வாடிக்கையாளர் விவரங்கள் களவு போயின. ஏ.டி. அண்ட் டி., டிக்கெட்மாஸ்டர் போன்ற பெருநிறுவனங்களும் அவற்றுள் அடங்கும். கிடங்கின் சுவரை எவரும் உடைக்கவில்லை. முன்பே திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு வாயில் வழியாகவே நுழைந்தனர். கடவுச்சொல்லுக்குப்பின் இரண்டாவது சோதனை ஒன்றை அக்கணக்குகளில் வைக்கவில்லை. அதற்கு முன் 2013-இல் அமெரிக்காவின் 'டார்கெட்' கடைகளில் 4 கோடி அட்டைகளின் விவரம் பறிபோனபோது, கள்வர் நுழைந்தது குளிர்பதனப் பணிகள் செய்த ஓர் ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கொண்டு.

காவல் முறைகள் யாவரும் அறிந்தவையே. இரண்டாவது சோதனை வேண்டும். அவரவர் பணிக்கு வேண்டிய அளவே விவரம் கண்ணில் படவேண்டும். யார் எப்போது பார்த்தார் என்பது பதிவாக வேண்டும். தேவை முடிந்ததும் விவரம் அழிய வேண்டும். மறைகுறியாக மாற்றிவிட்டோம், இனி அச்சமில்லை என்னும் சொல்லையும் அப்படியே நம்புதல் ஆகாது. நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் தொடங்கும் பத்து இலக்கங்கள் கொண்டவை. ஆக, இருக்கக்கூடிய எண்கள் 400 கோடியே. திறவுகோல் இன்றி வெறுமனே சுருக்கி மறைத்த எண்ணை, இந்த 400 கோடியையும் ஒவ்வொன்றாக முயன்று கணிப்பொறி விரைவில் வெளிக்கொணர்ந்து விடும்.

சட்டமும் தமிழும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. கொடுத்த இசைவைக் கொடுத்த எளிமையுடனே திரும்பப் பெறவும் இச்சட்டம் வழி செய்கிறது.

அதனினும் நம் நெஞ்சைத் தொடும் பகுதி ஒன்றுண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் விரும்பிய ஒன்றில் படிக்கும் வாய்ப்பையும் தரவேண்டும் என்கிறது சட்டம். தமிழில் கேட்பது இனி நம் உரிமை. ஆனால் அந்தத் தமிழை எழுதப் போகிறவர் யார்? ஆங்கில வாக்கியத்தை எந்திரத்தில் இட்டுப் பிழிந்தெடுத்த தமிழாக அது அமையுமாயின், படித்தவர்க்கே புரியாது. புரியாமல் கொடுத்த இசைவு இசைவாகுமா? மளிகை வாங்கும் தாய் ஒருத்தி ஒருமுறை படித்ததும் 'வேண்டும்' அல்லது 'வேண்டா' எனச் சொல்லும்படி நான்கு வரி எழுதுவது இலக்கணம் கற்றவர்க்கு உரிய அரும்பணி. தமிழ் படித்தால் வேலை ஏது என வினவும் இளைஞர்க்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. தமிழ்த்துறைகள் இதனை ஒரு பாடப் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம் என்பது நம் பரிந்துரை.

நம் வீடுகளில் 'அமானிதம்' என்றொரு சொல் வழங்குகிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் பொருள். கொடுத்தவர் கேட்கும்போது குறையாமல் திருப்பித் தரவேண்டும். இடையில் நம் ஆதாயத்திற்கு எடுத்தாளல் கூடாது. வாங்குவோர் தந்த பெயரும் எண்ணும் இத்தகையனவே என்பதை நிறுவனங்கள் உணரவேண்டும். நாளை அந்நிறுவனங்களில் அமரப் போகும் மாணவர்கள் இன்றே உணரவேண்டும். பெரியவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே: பரிசுச் சீட்டுக்காக எண்ணைக் கேட்பவரிடம், 'இதை எதற்கு வைத்துக்கொள்வீர்கள், எப்போது அழிப்பீர்கள்?' என்று கேளுங்கள். விடை வராத இடத்தில் எண்ணைத் தராமல் திரும்புவதால் இழப்பது ஒரு பரிசுச் சீட்டு மட்டுமே.