காப்பாற்றவில்லையா கடவுள்?



சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், பட்டாபிராமைத் தாண்டியதும் நெமிலிச்சேரி என்று ஒரு சிறிய ஸ்டேஷன் வரும். அடுத்தது திருநின்றவூர். பக்தவத்சலப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் நெமிலிச்சேரியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை வந்த பிறகு அங்கே வீடுகள் பெருகிவிட்டன. சென்ற மாதம் என் சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க அந்த ஊரில் இறங்கினேன்.

அவள் கிறிஸ்தவப் பெண். பிறந்தகம் திருநெல்வேலிச் சீமை. அவள் வீட்டு வாசற்படிக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்தில் 91-ஆம் சங்கீதம் மாட்டியிருக்கும். கிறிஸ்தவ வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். தாய்ப் பறவை இறக்கைக்குள் குஞ்சை வைத்துக் காப்பதுபோல் ஆண்டவர் நம்மைக் காப்பார் என்று சொல்கிற சங்கீதம். தினமும் காலையில் கணவர் வேலைக்குப் புறப்படும்போது, அதன் கீழே நின்று ஒரு நிமிஷம் ஜெபம் செய்து அனுப்புவது என் சிநேகிதியின் வழக்கம்.

அன்று நான் போனபோது வாசற்படிக்கு மேலே ஆணி மட்டும்தான் இருந்தது. சட்டம் பீரோவின் மேல், சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது?" என்றேன்.

"நாலு மாசமா அப்படித்தான் இருக்குக்கா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கண்தான் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். தெருவில் யாரோ குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, மூடாமல் போய்விட்டார்கள். மழை நாள், இரவு ஒன்பது மணி, தெரு விளக்கு எரியவில்லை. வேலையிலிருந்து திரும்பிய கணவர் வீட்டுக்குப் பத்தடி தூரத்தில் அந்தப் பள்ளத்தில் விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன், கட்டு, சம்பளமில்லாத விடுமுறை, கடன்!

"அன்னைக்குக் காலையிலும் ஜெபம் பண்ணித்தானேக்கா அனுப்பினேன்? எங்கேயோ தூரத்திலே நடந்திருந்தாலும் மனசு ஆறும். வீட்டு வாசலிலே! அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?"

அவள் கேட்ட 'அவர்' யார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

மூலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவளுடைய தாயார்தான் தலை நிமிராமலே சொன்னார்: "களக்காட்டுக் குழியை மறந்துட்டியே, மக்கா!"

களக்காட்டுக் குழியின் கதையை நீங்களும் கேளுங்கள்.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். சிறு வயதில் தமக்கு நீலக் கண் வேண்டும் என்று கடவுளிடம் கேட்டாராம். காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்தால், அதே பழுப்புக் கண்! கேட்டதற்கு 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான் என்று அன்றைக்கே அவர் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், பிறகு திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தமிழ் படித்து, புடவை உடுத்தி, நம்மோடு ஒருவராகிவிட்டார். 1901-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைப் பொட்டுக்கட்ட வைத்திருந்த இடத்திலிருந்து தப்பி ஓடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் எத்தனையோ குழந்தைகள் வந்தார்கள். டோனாவூரில் அவர்களுக்கு ஒரு வீடு உண்டாயிற்று. அத்தனை குழந்தைகளுக்கும் அவர் 'அம்மை' ஆனார்.

1931 அக்டோபர் 24-ஆம் தேதி. அன்று காலை, தம் மக்களுக்கு உதவ எது தேவையோ அதைத் தமக்குச் செய்யும்படி அவர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டார். அன்று மாலையே களக்காட்டில், ஏழைகளுக்கு வைத்தியம் செய்வதற்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். மங்கிய வெளிச்சம். தவறான இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63.

சில வாரங்களில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1951 ஜனவரி 18-இல் கண் மூடும் வரை, ஏறக்குறைய இருபது வருஷம், அவருடைய உலகம் அந்த ஓர் அறைதான். நல்ல காரியத்துக்குப் போன இடத்தில், காலையில் ஜெபித்தவருக்கு, மாலையில் குழி! என் சிநேகிதியின் கேள்வியை அவரும் கேட்டிருக்கலாம் அல்லவா?

வலி இல்லை என்று அவர் நடிக்கவில்லை. தூக்கம் வராத இரவுகளைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அந்தப் படுக்கையிலிருந்தே குழந்தைகளைக் கவனித்தார், கடிதம் எழுதினார், புத்தகம் புத்தகமாக எழுதினார். நோயாளிகளுக்குத் தெம்பு சொல்லும் எழுத்தை, நோயாளியாகக் கிடந்தே எழுதினார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். குழந்தைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டி வைத்து, 'அம்மை' என்று மட்டும் எழுதினார்கள்.

"ஏன் அந்தக் குழி?" என்பதற்கு இந்தக் கதை பதில் சொல்கிறதா? இல்லை, சகோதரிகளே. 'புத்தகம் எழுதத்தான் கால் ஒடிந்தது' என்று சுலபமாகக் கணக்குத் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. கடன்பட்டு நிற்கிறவளிடம் அப்படிச் சொன்னால் அது ஆறுதல் ஆகாது.

ஆனால் வேதத்தில் ஓர் இடம் இருக்கிறது. பிசாசு இயேசுவை எருசலேம் தேவாலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோய், 'குதி, தூதர்கள் தாங்குவார்கள்' என்று தூண்டியபோது, சாட்சிக்கு எடுத்துக்கொண்டது எந்தச் சங்கீதம் தெரியுமா? இதே 91-ஆம் சங்கீதம்தான்! இயேசு குதிக்கவில்லை, கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். பிறகு கெத்செமனே தோட்டத்தில், துன்பம் நீங்க வேண்டும் என்று மனம் விட்டுக் கேட்டார். முடிவைப் பிதாவின் சித்தத்துக்கு விட்டார். துன்பம் நீங்கவில்லை. தானியேல் புத்தகத்தில் சூளையின் முன் நிறுத்தப்பட்ட மூன்று வாலிபர்களும், கடவுள் காப்பாற்ற வல்லவர், காப்பாற்றாவிட்டாலும் உம் சிலையை வணங்க மாட்டோம் என்றுதானே ராஜாவிடம் சொன்னார்கள்?

ஆக, நம்பிக்கை என்பது ஆபத்து வராது என்று எழுதி வாங்கிக்கொள்ளும் பத்திரம் அல்ல. வந்த பிறகும் நாம் கைவிடப்படவில்லை, நம் கணக்கு அவர் கையை விட்டுப் போகவில்லை என்று பிடித்துக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்ப்பது.

நான் இதையெல்லாம் கோர்வையாக அவளிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். வரும்போது அந்தப் பள்ளத்தைச் சுற்றிக் கழி நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்ததைப் பார்த்தேன். "அது யார் கட்டியது?"

"நான்தான்க்கா. அவரை ஆஸ்பத்திரியிலே சேர்த்துட்டு வந்த மறுநாளே கட்டினேன். இன்னொருத்தி புருஷன் விழக் கூடாதே! ராத்திரியிலே வாசல் விளக்கையும் அணைக்கிறதில்லை."

"பார்த்தாயா?" என்றார் கீரை ஆய்ந்த அம்மாள். "நீ அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சே. அவர் உன்னைத் தெருப் பக்கம் திருப்பி வெச்சாரு!"

சிநேகிதி சிரித்தாளா, அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முக்காலியைப் போட்டு ஏறிச் சட்டத்தை எடுத்தாள். முந்தானையால் தூசி துடைத்தாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்:

"மாட்டுறதுக்கு முன்னாடி அந்த ஆணியை நல்லா அடி. ஆடுது. யார் தலையிலாவது விழுந்துடப் போகுது!"

அவள் ஆணியை அடித்துவிட்டுத்தான் மாட்டினாள்.